ஐந்து பேர், இரண்டரைக் கிலோமீற்றர் கிரவல், ஒரு சின்னக் கார்

மல்லாவிப் பக்கத்தில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார்: "அண்ணை, நான் ஆசிரியை. இவர் வயல் செய்கிறார். பிள்ளைகள் இரண்டு பேர், பன்னிரண்டு வயதும் எட்டு வயதும். அம்மாவும் எங்களோடுதான். அவவுக்கு முழங்கால் வருத்தம், மாதம் ஒருக்கா யாழ்ப்பாணத்தில் கிளினிக். வீடு பாண்டியன்குளம் போகிற வீதியில் இருந்து உள்ளே இரண்டரைக் கிலோமீற்றர், கிரவல் பாதை. இவ்வளவு காலமும் மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும்தான். இப்ப புதுசாக ஒரு சின்னக் கார் எடுக்க யோசிக்கிறம். எல்லாரும் வாகன் ஆர் எடுக்கச் சொல்லுகினம். எடுக்கலாமா? லீசிங் போட்டால் சமாளிக்கலாமா?"

தங்கச்சி, மீளக் குடியேறின காலத்தில் இருந்து கிளிநொச்சியில் வாகன வேலை செய்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும். இது ஒரு வீடு கட்டுகிற அளவு காசு, இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

முதலில் கேட்டதற்குப் பதில். எல்லாரும் சொல்கிற அந்த ஜப்பான் சுசுக்கி வாகன் ஆர், 660 சீசி, நல்ல கார். என்னிடம் வருகிற சின்னக் கார்களில் கூடுதலானவை அதுதான், கரைச்சலும் குறைவு. ஆனால் உங்கள் வீட்டுக்கு அது பொருந்தாது. ஒரு காரணம் ஆட்கள், மற்றது அந்த இரண்டரைக் கிலோமீற்றர்.

ஜப்பானில் இந்த ரகத்தைக் 'கெய்' என்பார்கள். அங்கே அதற்குச் சட்டப்படி அளவு உண்டு: நீளம் 3.4 மீற்றருக்குள், அகலம் 1.48 மீற்றருக்குள், எஞ்சின் 660 சீசிக்குள், ஆட்கள் சாரதியோடு நான்கு பேர். வாகன் ஆர், ஜப்பான் ஆல்ட்டோ, டைஹற்சு மிரா, நிசான் டேய்ஸ், ஹொண்டா என்-பொக்ஸ் எல்லாம் இந்தக் கணக்குத்தான். உள்ளே ஏறி இருந்தால் கால் நீட்ட நல்ல இடம், தலைக்கு மேலேயும் இடம், அதனால் விற்பவர் "ஐந்து பேர் தாராளமாகப் போகலாம்" என்பார். பின் சீற்றைத் தூக்கிப் பாருங்கள். பெல்ட் கொழுவுகிற இடம் இரண்டுதான் இருக்கும். நீங்கள் ஐந்து பேர். நீங்களும் கணவரும் முன்னால் இருந்தால், பின்னால் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும். அந்த எட்டு வயதுப் பிள்ளை ஒவ்வொரு பயணத்திலும் பெல்ட் இல்லாமல் நடுவில் இருக்கும், அல்லது அம்மாவின் வருத்தமான முழங்காலில் இருக்கும். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் இறங்கித் தேங்காய் அடித்து, கச்சான் வாங்கிக்கொண்டு திரும்ப ஏறுகிற ஆட்களில் பாதிப் பேர் அப்படித்தான் போகிறார்கள் என்பது உண்மை. யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதியில் 70இல் போகும்போது ஒரு மாடு குறுக்கே வந்து பிரேக்கில் ஏறி நின்றால், நடுவில் இருக்கிற பிள்ளை நேரே கியர் பெட்டிக்குத்தான் வரும். ஆகவே உங்களுக்கு வேண்டியது ஐந்து பெல்ட் உள்ள கார். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சரி, இனி அந்த இரண்டரைக் கிலோமீற்றர். வன்னியில் கார் வாங்குகிற முக்கால்வாசிப் பேர் ஏ9 வீதியை நினைத்துக்கொண்டுதான் வாங்குகிறார்கள். வவுனியாவில் இருந்து பரந்தன் வரை எந்தக் காரும் ஓடும். மாங்குளத்தில் திரும்பி மல்லாவி வரும் வரைக்கும்கூடப் பிரச்சினை இல்லை. உங்கள் கார் வயதாகப் போவது அதற்குப் பிறகு, ஒழுங்கைக்குள் இறங்கின இடத்தில் இருந்துதான். நாளுக்கு இரண்டு தடவை பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்தால், அந்தப் பாதையில் மட்டும் நாளுக்குப் பத்துக் கிலோமீற்றர். சில்லைத் தாங்குகிற சொக், போல் ஜொயின்ற், புஷ் எல்லாம் கழல்வது அந்தப் பத்தில்தான்.

கார் பார்க்கப் போக முன்னர் ஒரு வேலை செய்யுங்கள். உழவு மெசின் ஓடி ஓடி ஒழுங்கையில் இரண்டு தடம் விழுந்திருக்கும், நடுவில் மேடு நிற்கும். காரின் சில்லு தடத்துக்குள் ஓடும், வயிறு அந்த மேட்டுக்கு மேலே போகும். மேட்டில் ஒரு நேரான தடியைத் தடத்துப் பக்கம் நீட்டி வைத்து, தடியில் இருந்து தடத்தின் அடி வரை அளவு நாடாவால் அளவுங்கள். ஒரு இடத்தில் அளந்தால் போதாது, ஆக மோசமான ஐந்தாறு இடத்தில் அளவுங்கள். மாரி முடிந்து தடம் ஆழமாக இருக்கிற மாசி மாதத்தில் அளந்தால் இன்னும் சரி. 

அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு காரின் தரை உயரத்தை, அதாவது காரின் வயிற்றுக்கும் தரைக்கும் இடையில் உள்ள அளவைப் பாருங்கள். ஜப்பான் வாகன் ஆரில் இரண்டு சில்லு மட்டும் இழுக்கிற ரகத்துக்கு 150 மில்லிமீற்றர் என்று எழுதியிருக்கும். அது வெறும் காரின் அளவு. நான்கு பேரும் ஒரு அரிசி மூட்டையும் ஏறினால் ஸ்பிறிங் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் இறங்கும். அப்ப மிச்சம் இருப்பது 120, 130. உங்கள் மேடு 120 வந்தால் ஒவ்வொரு நாளும் அடியில் உரசும் சத்தத்தோடுதான் வீட்டுக்குப் போவீர்கள். என்னிடம் வருகிற கார்களைத் தூக்கிப் பார்த்தால் எஞ்சினின் அடியில் ஓயில் நிற்கிற சம்ப் தட்டிலும் சைலன்சர் குழாயிலும் கிரவல் கல் கீறின கோடு நேராக இருக்கும். சம்ப் நசுங்கி உள்ளே ஓயில் உறிஞ்சுகிற குழாயில் போய் முட்டினால் பிறகு எஞ்சினுக்கே செலவு.

டொயோட்டா ரைஸ் 185 மில்லிமீற்றர் நிற்கிறது. ஐந்து பேர் இருக்கலாம், நீளம் நான்கு மீற்றருக்குள்தான், 1,000 சீசி டேர்போ எஞ்சின், அல்லது 1,200 சீசி ஹைபிரிட். உங்கள் பாதைக்கும் ஆட்களுக்கும் அளவெடுத்த மாதிரி இருக்கும். விலைதான் மலை. அதைச் செய்கிறது டைஹற்சு கம்பனி. 2023இல் பாதுகாப்புச் சோதனைகளில் அவர்கள் செய்த முறைகேடு வெளியே வந்து, அந்த வருடம் டிசம்பரில் எல்லா வாகனங்களையும் அனுப்புவதை நிறுத்தினார்கள், பிறகு ஜப்பான் அரசு திரும்பப் பரிசோதித்து 2024இல் படிப்படியாக விட்டது. இதை அறிந்துகொண்டு வாங்குவது நல்லது. நான் வேலை செய்த அளவில் அந்தக் காரின் கீழ்ப்பகுதி கிரவலுக்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது.

அவ்வளவு காசு இல்லை என்றால் ஐந்து சீற் உள்ள டொயோட்டா விற்ஸ், ஹொண்டா ஃபிட், அல்லது இந்தியாவில் செய்த ஒரு லீற்றர் எஞ்சின் கார்கள். விற்ஸ், ஃபிட் இரண்டும் தரைக்குக் கிட்ட நிற்பவை. டொயோட்டா ரூமியும் அப்படித்தான், உள்ளே மண்டபம் மாதிரி இடம் இருந்தாலும் வயிறு தாழ்வு. இந்திய வாகன் ஆர் பெயரில் மட்டும்தான் ஜப்பான் வாகன் ஆர், மற்றப்படி வேறு கார். அகலம் கூட, ஐந்து பேர், தரை உயரமும் கொஞ்சம் கூட. ஆனால் 2023இல் குளோபல் என்கேப் செய்த மோதல் சோதனையில் அதற்குப் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஐந்தில் ஒரு நட்சத்திரம்தான் கிடைத்தது, இந்திய ஆல்ட்டோ கே10க்கு இரண்டு, பிள்ளைகள் பாதுகாப்பில் இரண்டுக்கும் ஒன்றுமே இல்லை. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஏ9 வீதியில் மாதாமாதம் போகிற உங்களுக்கு அதை மனமாரச் சொல்ல என்னால் முடியவில்லை. 

என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். ரைஸ் வாங்கக் காசு காணாவிட்டால், நல்ல நிலையில் உள்ள விற்ஸ் ஒன்றைப் பார்த்து எடுங்கள், மிச்சக் காசில் ஒழுங்கையைத் திருத்துங்கள். இதை யாரும் யோசிப்பதில்லை. இரண்டரைக் கிலோமீற்றரும் கெட்டிருக்காது, அளந்து பார்த்தால் மோசமான இடம் மொத்தம் இருநூறு முந்நூறு மீற்றர்தான் வரும். அந்தத் துண்டுகளுக்கு மெசின் பெட்டியில் கிரவல் கொண்டுவந்து பறித்து, மேட்டை வெட்டித் தடத்துக்குள் போட்டு இடித்துவிட்டால், கார் ரகத்தில் ஒரு படி மேலே போகிற வித்தியாசத்தில் சின்னப் பங்குதான் செலவாகும். அயலில் உள்ளவர்களும் சேருவார்கள், அவர்களுக்கும் அதே பாதைதானே. பிரதேச சபையில் ஒரு சொல் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், கிரவலை அனுமதிப்பத்திரம் உள்ள ஆளிடம் வாங்குங்கள்.

மின்சாரக் கார் பற்றியும் சிலர் சொல்லியிருப்பார்கள். வீட்டில் சோலர் இருந்து, கிளிநொச்சிக்குள்ளேயே ஓடுகிறவர்களுக்குச் சரி. நீங்கள் யாழ்ப்பாணம் போய் வருகிறவர்கள், வேலை தெரிந்த ஆள் உங்களுக்குக் கிட்ட இல்லை. இப்போதைக்கு விடுங்கள்.

இனி 'புதுசு' என்ற சொல். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரி முதலாம் திகதி. ஏறக்குறைய ஐந்து வருடம் புதுக் கார்கள் அரிதாகவே வந்ததால், 2015, 2016இல் வந்த கார்களுக்கும் வாங்கின விலையை விடக் கூட விலை நின்றது. இப்போது கடைகளில் 'புதுசு' என்று நிற்பவற்றில் இரண்டு வகை. ஒன்று சுழியம் கிலோமீற்றர், முகவர் அல்லது இறக்குமதியாளர் கொண்டுவந்தது. மற்றது ஜப்பானில் ஒருவர் ஓடி, ஏலத்தில் விட்டு, இங்கே இன்னும் பதியாமல் நிற்பது, நாங்கள் ரீகண்டிசன் என்பது. இரண்டும் இலக்கத்தகடு இல்லாமல் பளபளவென்றுதான் நிற்கும்.

ரீகண்டிசன் என்றால் ஏலத் தாளைக் கேளுங்கள். ஜப்பான் ஏலத்தில் ஒவ்வொரு காருக்கும் ஒரு தாள் எழுதுவார்கள். மேலே தரம் 4.5, 4, 3.5 என்று இருக்கும், விபத்தில் திருத்தின காருக்கு ஆர் என்ற எழுத்து. கீழே காரின் படம் வரைந்து எங்கே கீறல், எங்கே நெளிவு என்று குறித்திருப்பார்கள். ஓடின தூரமும் அதில் இருக்கும். விற்பவர் காட்டுகிற தாளை மட்டும் நம்ப வேண்டாம், காரில் அடித்திருக்கிற சசி இலக்கத்தைக் கொடுத்தால் மூலத் தாளை எடுத்துக் காட்டுகிற சேவைகள் இணையத்தில் உண்டு, சின்னக் கட்டணம்தான்.

இதை நான் அனுபவத்தில் கற்றேன். 2017இல் என் சகோதரிக்குக் கொழும்பில் ஒரு விற்பனை நிலையத்தில் கார் எடுத்தோம். மீற்றரில் 18,000 சொச்சம். வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டாம் நாள் கழுவும்போதுதான் பிரேக் பெடலைக் கவனித்தேன். அந்த இறப்பரில் வலது மூலை வழுவழுவென்று தேய்ந்து, கோடு இல்லாமல் இருந்தது. பதினெட்டாயிரத்தில் அப்படித் தேயாது. சாரதி சீற்றின் வலது கரைத் துணியும் நூல் விட்டிருந்தது. பிறகு மூலத் தாளை எடுத்துப் பார்த்தால் எண்பதாயிரத்துக்கு மேல். கார் ஓடியது, கெடவில்லை, ஆனால் அந்த விலை அந்தக் காருக்கு உரியதல்ல. மூன்று கிழமை அவளின் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. நீங்கள் போகும்போது பெடல் இறப்பர், சீற்றின் கரை, ஸ்டியரிங்கின் மேல்பகுதி மூன்றையும் விரலால் தடவிப் பாருங்கள். மீற்றரை மாற்றுகிற ஆட்கள் இவற்றை மாற்ற மறந்துவிடுவார்கள்.

முகவரிடம் சுழியம் கிலோமீற்றர் எடுத்தால் உத்தரவாதம் வரும், ஆனால் அது அவர்கள் சொன்ன இடைவெளியில் அவர்களின் நிலையத்தில் சேர்விஸ் செய்தால்தான் நிற்கும். கிட்ட உள்ள நிலையம் எங்கே என்று காசு கட்ட முன்னர் கேளுங்கள். அது வவுனியா என்றாலும் யாழ்ப்பாணம் என்றாலும் உங்களுக்கு ஒரு நாள் போய்விடும்.

லீசிங் விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் வன்னியில் கூடுதலான குடும்பங்கள் நொந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிற தம்பி 'பதினான்கு வீதம்' என்பார். உடனே கேட்க வேண்டியது: "நிலையான வட்டியா, குறைந்து செல்லும் நிலுவைக்கா?" ஒரு உதாரணத்துக்கு 30 இலட்சம் எடுத்து ஐந்து வருடம் கட்டுவதாக வையுங்கள். குறைந்து செல்லும் நிலுவைக்கு 14 வீதம் என்றால் மாதம் ஏறக்குறைய 69,800 ரூபாய், அறுபது மாதத்தில் கட்டி முடிப்பது 41 இலட்சத்து 88 ஆயிரம். அதே 14 வீதம் நிலையான வட்டி என்றால், வருடம் 4 இலட்சத்து 20 ஆயிரம், ஐந்து வருடத்துக்கு வட்டி மட்டும் 21 இலட்சம், மாதம் 85,000. சொல்லு ஒன்று, வித்தியாசம் மாதம் பதினையாயிரத்துக்கு மேல். உண்மையான வட்டி, தவணைப் பணம், தவறினால் சேர்கிற வட்டி, முன்கூட்டி முடித்தால் எவ்வளவு கழிப்பார்கள், இந்த நான்கையும் தாளில் எழுதி வாங்குங்கள். ஆங்கிலத்தில் தந்தால் தமிழில் கேளுங்கள், அது உங்கள் உரிமை. வாகனத்தின் பெறுமதியில் எத்தனை வீதம் வரை கடன் தரலாம் என்பதை மத்திய வங்கி தீர்மானிக்கிறது, அது அடிக்கடி மாறுகிறது, போகிற அன்றைக்கு உள்ளதைக் கேளுங்கள்.

அதை விடப் பெரிய விஷயம், உங்கள் வீட்டுக் காசு வருகிற விதம். உங்கள் சம்பளம் மாதாமாதம் வருகிறது. கணவரின் காசு காலபோக அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் ஒன்றாக வரும், குளத்தில் தண்ணீர் இருந்தால் சிறுபோகத்துக்கும் கொஞ்சம். லீசிங் கம்பனிக்கு ஐப்பசியும் மாசியும் ஒன்றுதான். ஐப்பசியில் விதைப்பு, உரம், மெசின் கூலி என்று கையில் இருக்கிறது எல்லாம் வயலுக்குள் போயிருக்கும். மூன்று தவணை தவறினவர்களின் வாகனத்தை ஆட்கள் வந்து எடுத்துப்போனதை இந்தக் கண்ணால் கண்டிருக்கிறேன், அதில் இரண்டு, மார்கழியில் நடந்தது. ஆகவே தவணைக் கணக்கைப் போடும்போது வயல் காசைச் சேர்க்க வேண்டாம். உங்கள் சம்பளத்தில் வீட்டுச் செலவு போக மிஞ்சுவதுக்குள் தவணை நிற்க வேண்டும். வயல் காசு வந்தால் அதில் ஆறு தவணையை எடுத்துத் தனிப் புத்தகத்தில் போட்டு வையுங்கள். சில கம்பனிகள் போகத்துக்கு ஏற்றமாதிரித் தவணையைக் கூட்டிக் குறைத்துத் தருகிறார்கள், கேட்டால்தான் சொல்வார்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் இந்த வருடம் கார் எடுக்க வேண்டாம். அம்மாவின் கிளினிக்குக்கு மாதம் ஒரு தடவை வான் பிடித்துப் போனாலும் அந்தத் தவணையில் ஒரு பங்குதான் முடியும்.

கடன் முடியும் வரை வாகனப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் கம்பனியின் பெயர் இருக்கும், கடைசித் தவணை கட்டின உடனே அதை நீக்குவித்துவிடுங்கள். முழுக் காப்புறுதி போடச் சொல்வார்கள். அதில் இயற்கை அனர்த்தம் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்து வையுங்கள். எங்கள் பகுதியில் அந்த ஒரு வரி இல்லாத காப்புறுதி பாதிக் காப்புறுதிதான். பதிவுக்கு டின் என்கிற வரி இலக்கம் கேட்பார்கள், இல்லையென்றால் இப்போதே எடுத்து வையுங்கள்.

கார் வீட்டுக்கு வந்துவிட்டது என்று வைப்போம். அன்றைக்கே டிக்கியின் அடித்தட்டைத் தூக்கிப் பாருங்கள். ஜப்பானில் இருந்து வருகிற சின்னக் கார்களில் பலவற்றில் ஸ்பெயர் சில்லு இருக்காது. ஒரு சின்னக் காற்றுப் பம்பும் பசைப் போத்தலும்தான் இருக்கும். ஜப்பானில் அது போதும். எங்கள் ஒழுங்கையில் விளாத்தி முள்ளும் உடைமுள்ளும் வேலிக் கம்பித் துண்டும் கிடக்கும், ரயரின் பக்கச் சுவர் கிழிந்தால் பசை ஒன்றும் செய்யாது. துணுக்காய்க்கும் மாங்குளத்துக்கும் இடையில் இரவு எட்டு மணிக்கு நின்றால் ஒட்டுக்கடை கிடையாது. அதே அளவில் ஒரு ரிம்மும் ரயரும் வாங்கி, டிக்கியில் பட்டியால் இறுக்கிக் கட்டி வையுங்கள். ஜாக்கியும் சில்லுத் திறப்பும் இருக்கிறதா என்றும் பாருங்கள். பசைப் போத்தலைக் கடைசி வழியாக மட்டும் பாவியுங்கள், அதை அடித்த ரயரை உள்ளே துப்புரவாக்குவது ஒட்டுக்காரருக்குப் பெரிய வேலை.

அடுத்தது புழுதி. சித்திரை, வைகாசியில் உங்கள் ஒழுங்கையில் முன்னால் ஒரு மெசின் போனால் பின்னால் ஒன்றும் தெரியாது. அந்தச் சிவப்புப் புழுதி முழுக்க எஞ்சின் இழுக்கிற காற்றில் வருகிறது. புத்தகத்தில் காற்று வடிகட்டி இத்தனை ஆயிரத்துக்கு ஒரு தடவை என்று இருந்தாலும், நீங்கள் மாதம் ஒரு தடவை திறந்து தட்டிப் பாருங்கள். ஏசி வடிகட்டி கூடுதலான கார்களில் டாஷ்போட் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. போன மாதம் ஒரு ஆசிரியரின் காரில் அதை இழுத்து எடுத்தேன். வெள்ளைத் தாளாக இருக்க வேண்டியது செங்கல் மாதிரி நிறத்தில், மடிப்புக்கு மடிப்பு மண்ணும் வேப்பஞ்சருகும் ஒரு பல்லியின் காய்ந்த உடம்பும். "ஏசி குளிரவில்லை, காஸ் அடியுங்கோ" என்றுதான் வந்தார். காஸ் முழுதாக இருந்தது, காற்று வர வழியில்லை, அவ்வளவுதான். எஞ்சின் ஓயிலை எங்கள் பாதைக்கு ஐயாயிரம் கிலோமீற்றருக்கு ஒரு தடவை மாற்றுங்கள். டப்பாவில் 0டபிள்யூ-20 போல எந்த அளவு புத்தகத்தில் இருக்கிறதோ அதையே கேட்டு வாங்குங்கள். கியர் ஓயிலில் இன்னும் கவனம் வேண்டும். இந்தக் கார்களில் பல சீவீரி என்கிற, படிப்படியாக மாறாத ஓட்டோ கியர், அதற்கு அதற்குரிய ஓயில்தான், சாதாரண ஓட்டோ கியர் ஓயிலை ஊற்றிக் கெடுத்த பெட்டி இரண்டு என் கராஜ் மூலையில் கிடக்கிறது.

ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். எங்கள் கிணற்று நீர் கல்நீர். தேத்தண்ணீர்க் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். கூலன்ற் குறைந்தால் கலந்து வருகிற போத்தலையே வாங்கி ஊற்றுங்கள், ஒரு போத்தல் எப்போதும் வீட்டில் இருக்கட்டும். கழுவின பிறகும் துடைத்துவிடுங்கள், வெயிலில் காய விட்டால் கண்ணாடியில் வெள்ளைப் பொட்டு விழுந்து பிறகு போகாது.

அறுவடைக் காலத்தில் இரண்டு விஷயம். வீதியில் நெல்லும் உழுந்தும் காய்கிற காலம் அது. நெல்லைச் சுற்றிப் போவீர்கள், தெரியும். வைக்கோல், உழுந்துக் கொடி பரப்பியிருந்தால் அதற்கு மேலே ஏற்ற வேண்டாம், ஏற வேண்டி வந்தால் தாண்டின உடனே இறங்கிக் கீழே பாருங்கள். எஞ்சினுக்குக் கீழே சைலன்சரின் முன்பகுதி நெருப்புக் கொதியில் இருக்கும், அதில் வைக்கோல் சுற்றினால் பற்றிவிடும். மற்றது எலி. வயல் வெட்டின பிறகு எலி வீட்டுப் பக்கம் வரும், போனட்டுக்குள் சூடும் மறைப்பும் இருப்பதால் அங்கே குடியிருந்து வயரைக் கடிக்கும். கார் நிற்கிற கொட்டிலில் நெல் மூட்டையும் தவிட்டுச் சாக்கும் வைக்காதீர்கள். கிழமைக்கு ஒரு தடவை போனட்டைத் திறந்து சருகும் பஞ்சும் கிடக்கிறதா என்று பாருங்கள்.

மாரியில் தண்ணீர். 2018 டிசம்பரில் ஒரே இரவில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு என் கராஜுக்கு வந்த வாகன் ஆர்களில் இடது முன் சீற்றுக்குக் கீழே கையை விட்டால் சேறு. ஹைபிரிட் வாகன் ஆரில் அந்த இடத்தில்தான் சின்ன லித்தியம் பற்றரி இருக்கிறது. வெளியில் கழுவித் துடைத்துவிட்டு ஸ்டார்ட் அடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் செலவு கூட வந்தது. தண்ணீர் கதவுப் படிக்கு மேலே ஏறியிருந்தால் திறப்பைத் தொட வேண்டாம், காப்புறுதிக்குப் படம் எடுத்து அனுப்பிவிட்டு இழுத்துக்கொண்டு வாருங்கள். குளம் வான் பாய்கிற காலத்தில் வீதியோடு தாழ்ந்து கிடக்கிற சப்பாத்துப் பாலத்தில் தண்ணீர் ஓடினால் நின்றுவிடுங்கள், சின்னக் கார் எண்ணூறு, தொள்ளாயிரம் கிலோதான், முழங்கால் அளவு ஓட்டமே தூக்கிவிடும்.

இரவில் ஓடுவதைக் குறையுங்கள். மழை விட்ட இரவில் சூடு ஆறாத தாரில் மாடு படுத்திருக்கும், கறுப்பு மாடு பத்து மீற்றருக்குக் கிட்ட வந்தால்தான் தெரியும். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கம் யானையும் உண்டு. கிளினிக் நாளில் விடிய நான்கரைக்கு வெளிக்கிடுவதை விட, முதல்நாள் பின்னேரம் போய் யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்குவது எவ்வளவோ மேல்.

பெற்றோல் கணக்கை வாயால் சொல்வதை நம்பாமல் நீங்களே பாருங்கள்: நிரப்பி, ஓடி, திரும்ப நிரப்பி, ஓடின கிலோமீற்றரை லீற்றரால் பிரியுங்கள். ஏ9 வீதியில் 20 தருகிற கார் உங்கள் ஒழுங்கையோடு சேர்த்தால் 15, 16க்கு வரும். அது காரின் பிழை இல்லை. உதிரிச் சாமான் பெரும்பாலும் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் இருந்து இரவு பஸ்சில் வரும், விடியக் கையில் கிடைக்கும். ஆகவே ஊரில் நிறைய ஓடுகிற ரகத்தை எடுத்தால் ஒரு நாளில் வேலை முடியும், அபூர்வமான ரகம் என்றால் கிழமைக் கணக்கில் என் முற்றத்தில் நிற்கும்.

கார் பார்க்கப் போகிற அன்றைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஐந்து பேரும் ஏறி, பெல்ட் போட்டு, கதவைச் சாத்திப் பத்து நிமிடம் இருங்கள். அம்மா தானாக ஏறுகிறாவா, இறங்கும்போது கதவில் எங்கே கை வைக்கிறா, முழங்கால் முன் சீற்றில் முட்டுதா என்று பாருங்கள். தாழ்ந்த காரில் இருந்து எழும்புவது முழங்கால் வருத்தக்காரருக்குக் கஷ்டம், உயர்ந்த காரில் ஏறுவதும் கஷ்டம். சீற் அவவின் இடுப்பு உயரத்துக்குச் சற்றுக் கீழே வருகிற காரில் பின்பக்கமாக இருந்து காலைத் திருப்பி உள்ளே வைத்துவிடலாம். இரண்டு கார் மனதில் சரியாக வந்தால், அவ எதில் லேசாக இறங்கினாவோ அதை எடுங்கள். எடுக்க முன்னர் சசி இலக்கத்தையும் ஏலத் தாளின் படத்தையும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.